தவமணி அக்காவின் வலது முழங்கால்

அன்று அவசர சிகிச்சைப் பிரிவில், கட்டிலுக்கு இடப்பக்கம் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "டாக்டர், இவருக்கு வலது முழங்காலில் இருப்பது செயற்கை மூட்டு." சொல்வதற்கு மூன்று நொடிகூட ஆகியிருக்காது. மூட்டைப் பொருத்திய மருத்துவமனை கொடுத்த சிறிய அட்டை என் கைப்பையின் உள்ளறையில்தான் இருந்தது. நான் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

நான்கு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் செய்தி வந்தது. கெலுகோரில் நான் வேலை செய்யும் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் மலையேறும் நம் குழுவின் கைபேசிப் பக்கத்தில் அந்தோணி அண்ணன் எழுதியிருந்தார். அவர் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார், எழுத்தைத் தட்டும் பொறுமை அவருக்குக் கிடையாது. அன்று எழுதியிருந்தார்: "தவமணி போயிட்டாங்க. இப்பதான்." கையிலிருந்த புத்தகத்தை அடுக்கில் வைத்தேன். எந்த அடுக்கில் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை என்னைவிட அதிக காலம் தெரியும். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெலுத்தோங்கில் எட்டாவது மாடி வீட்டில் தனியாக வாழ்ந்தவர். அண்ணன் ஒருவர் மெல்பர்னில். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த வழியில், மூன்று தலைமுறை தாண்டியும் அவர் பேச்சில் ஆமாம் என்பதற்கு ஒரு 'ஓமும்', கூப்பிட ஒரு 'பிள்ளையும்' மிச்சமிருந்தன. அறுபத்தேழு வயது. ஆனாலும் முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்: "ஆன்ட்டின்னு கூப்பிட்டா டீ கிடையாது. அக்கான்னு கூப்பிடு."

அவரைத் தெரியாதவர்களுக்காக அந்த டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து கொடிமலைக்கு ஏறும் பாதையில், பாதி வழியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே ஞாயிறு காலையில் ஏறி வருகிற யாருக்கும் டீ உண்டு. விலை கிடையாது. மேலே குழாய் இல்லை என்பதால் தண்ணீரைக் கீழிருந்து நாங்களே தூக்கிப் போகிறோம். ஒருவருக்கு ஐந்து லிட்டர். முடிந்தவர்கள் பத்து. அடுப்பு, பால் டின், தேயிலை எல்லாம் அக்காவின் பொறுப்பு. தீப்பெட்டி மட்டும் எப்போதும் அவருடைய துணிப்பையின் அடியில் போய்விடும். அந்தோணி அண்ணன் பையைக் கவிழ்த்துத் தேடுவார். அவர் சுங்கத் துறையில் இருந்தவர். "இன்னும் அந்தப் புத்தி போகல பாரு, பொம்பளை பையைச் சோதனை போடுறாரு" என்பார் அக்கா.

அந்தக் கொட்டகையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. மற்றவர்கள் பலகையிலும் பாறையிலும் உட்காருவோம். குழுவில் யாருக்காவது இடுப்போ முழங்காலோ மாற்றினால், அவர் திரும்பி வரும் முதல் நாள் தோளிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொண்டு, அந்த நாற்காலியைத் துடைத்துப் போடுவோம். அன்பினால்தான். ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் பிறகு அதிக நாள் வந்ததில்லை. ஒருவர் அப்படி நின்றுபோனபோது அந்தோணி அண்ணன் சொன்னார்: "இரும்பு முட்டி போட்டாச்சா? இனி அவருக்கு மலை இல்ல லா. மால்தான்." எல்லாரும் சிரித்தோம். அக்காதான் அதிகமாகச் சிரித்தார். அடுத்த மாதம் அண்ணனைப் பார்க்க மெல்பர்ன் போவதாகச் சொன்னார். மூன்று மாதம் ஆகும் என்றார்.

அந்த மூன்று மாதத்தில் குழுவுக்குப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ட்ராம் வண்டி, இலையில்லாத மரம், கம்பளிக் கையுறை. "ஒரே குளிர்" என்று எழுதுவார். நான் அப்போது மலைப்பாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்காகப் புலாவ் தீக்குஸில் ஒரு பிசியோ நிலையத்துக்குப் போனேன். கதவைத் திறந்தால், நகராத சைக்கிளில், வியர்வை சொட்டச் சொட்ட மிதித்துக்கொண்டிருந்தார் தவமணி அக்கா. முழங்காலில் நீளவாக்கில் பிளாஸ்திரி.

மிதிப்பதை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "என்ன பிள்ளை, மெல்பர்னுக்கா வந்திருக்கே?"

சிரித்துச் சிரித்து அவர் சைக்கிளை நிறுத்த வேண்டியதாயிற்று. படங்களை அண்ணன் அனுப்புகிறாராம், இவர் குழுவுக்குத் தள்ளிவிடுகிறாராம். "மலை ஏறலாம்னு டாக்டர் சொன்னாரா அக்கா?" என்று கேட்டேன். "கேக்கல. கேட்டாத்தானே வேணாம்னு சொல்வாரு." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அந்த நாற்காலியில என்னால உட்கார முடியாது பிள்ளை. உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன்" என்றார். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். என்னைப் பற்றி நானே யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, இது எனக்குக் கடினமாகத் தோன்றவில்லை.

அங்கேதான் அந்த அட்டை என் கைக்கு வந்தது. மூட்டின் வகை, பொருத்திய நாள், எந்தக் கால் என்ற விவரங்கள் அச்சிட்ட சிறிய அட்டை. விமான நிலையத்தில் கருவி சத்தம் போட்டால் காட்ட வேண்டியது. "என் பையில இருந்தா அந்தோணி தீப்பெட்டி தேடுறப்போ கண்டுபிடிச்சிடுவாரு. உன்கிட்ட இருக்கட்டும். நான் எங்கே பிளேன் ஏறப் போறேன்?" வாங்கிக் கைப்பையில் வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம், கைப்பை மாறியபோதெல்லாம் அதையும் மாற்றி வைத்தேன். ஏதோ எனக்குச் சொந்தமான பொருள் போல.

அவர் திரும்பி வந்தார், ஐந்து லிட்டர் தூக்கினார். யாரும் நாற்காலியைத் துடைக்கவில்லை. ஏறும்போது மூச்சு வாங்காமல் கதை சொல்வார், இறங்கும்போது மட்டும் பேசமாட்டார். "ஏறுறது கால் வேலை, எறங்குறது மூளை வேலை" என்பார். அந்தச் சமயத்தில்தான் அந்தோணி அண்ணன் பத்து லிட்டரிலிருந்து பதினைந்துக்குப் போனார். "வயித்தைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அக்காவின் பங்கிலும் பாதியைத் தன் பையில் போட்டுக்கொள்வார். அக்கா சண்டை போடுவார். "உங்க வயிறு குறைய என் தண்ணியா கிடைச்சுது?" அவர் வயிறு கடைசிவரை குறையவில்லை. எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைசி ஞாயிறு அக்கா பால் டின் திறக்கும்போது கத்தி வழுக்கி, இடது கட்டைவிரலின் அடியில் வெட்டியது. ஆழமில்லை. தேயிலையை வைத்து அழுத்தி, அடுப்புத் துணியால் கட்டிக்கொண்டு டீயை ஆற்றினார். "ரத்தம் விழல, குடிங்க" என்றார். புதன்கிழமை கை வீங்கியது. வியாழக்கிழமை பகலில் அந்தோணி அண்ணன் என்னை நூலகத்தில் கூப்பிட்டார்: "தவமணி போன்ல உளறுறாங்கம்மா. நடுக்கம். நான் கெரெத்தா எடுத்துட்டுப் போறேன், நீயும் வா. பொம்பளை ஆள் ஒண்ணு வேணும்." பதினைந்து நிமிடத்தில் காருடன் நூலக வாசலில் நின்றார்.

மருத்துவமனையில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தினார்கள். பற்கள் தந்தியடித்தன. நான் ஒரு பக்கம், அந்தோணி அண்ணன் மறுபக்கம். மலாய்க்கார இளம் மருத்துவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆன்ட்டி, பெர்னா ஓப்பரேட்?" முன்பு ஏதாவது அறுவை சிகிச்சை நடந்ததா, உடம்புக்குள் இரும்பு எதுவும் வைத்திருக்கிறதா என்று கேட்கிறார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மருத்துவரிடம், "தாக் அடா" என்றார். இல்லை.

நீதிமன்ற அனுபவத்திலிருந்து அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "கேக்காததைச் சொல்றவன்தான் கூண்டுல மாட்டுவான்." இங்கே கேட்டார்கள். கேட்டும் அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் என்று என்னிடம் நானே பலமுறை கேட்டுவிட்டேன். அந்தோணி அண்ணன் எதிரே நின்றார் என்பது ஒரு காரணம். காயம் கையில் இருக்கிறது, முழங்காலுக்கு இதில் என்ன வேலை என்று உண்மையாகவே நினைத்தேன் என்பது இன்னொன்று. மூன்றாவது, அந்தப் பார்வை. 'சொல்லாதே' என்று பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது 'நீ சொல்லேன்' என்ற பார்வையாகவும் இருக்கலாம் என்பது எனக்கு வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தோன்றியது. அப்போதும் நான் தொலைபேசியை எடுக்கவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அவருக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, இட்லி கேட்டார். இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை, எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கையிலிருந்து ரத்தத்துக்குள் போயிருக்கிறது. தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் வகைதான், ஆனால் ரத்தத்தில் கிடைத்தால் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாத வகை. முதல் நாளிலிருந்தே நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை, முழங்கால் வலிக்கிறது என்று அக்காவே சொன்னார். போர்வையை விலக்கினால் வலது முழங்கால் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நடுவே நேர்கோடாக அந்தத் தழும்பு.

வார்டு மருத்துவர் தழும்பையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓம்" என்றார் அக்கா, பிடிபட்ட குழந்தை போல. நான் கைப்பையைத் திறந்து அட்டையை நீட்டினேன். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தெளிவாக இருந்திருக்கும்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், உங்கள் வீடுகளிலும் இப்படி முழங்கால்கள் இருக்கின்றன என்பதால். ரத்தத்தில் கிருமி திரியும்போது அது செயற்கை மூட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அந்த உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஒட்டிய கிருமி தன்மேல் ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் சரியாகப் போகாது. அதனால்தான் காய்ச்சலோடு வருபவர் தன்னிடம் செயற்கை மூட்டு இருப்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். கையில் இருக்கும் காயத்துக்கும் காலில் இருக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டு.

"இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"முதல் நாளே முழங்காலைப் பார்த்திருப்போம். எலும்பு மருத்துவர்களை முன்பே கூப்பிட்டிருப்போம்." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனால் அவர் வந்தபோதே அங்கே கிருமி போயிருந்திருக்கலாம். மருந்து எப்படியும் இதே மருந்துதான். எனக்குத் தெரியவில்லை. யாராலும் சொல்ல முடியாது."

நூலகத்தில் வேலை செய்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தெரியாததைத் தேடிப் படித்துவிடலாம் என்று நம்புவது. மதிய இடைவேளைகளில் மருத்துவக் கட்டுரைகளைப் படித்தேன். ரத்தத்தில் இந்தக் கிருமி இருப்பவர்கள் எல்லாருக்கும் மூட்டில் தொற்று வருவதில்லை. சிலருக்கு வருகிறது. எந்தக் கிருமி, மூட்டு வைத்து எவ்வளவு காலம், எத்தனை நாள் ரத்தத்தில் நின்றது என்பதையெல்லாம் பொறுத்து வாய்ப்பு மாறுகிறது. கட்டுரைக்குக் கட்டுரை கணக்கு வேறு. எந்தக் கட்டுரையிலும், பக்கத்தில் நின்றவள் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இல்லை. படிக்கப் படிக்க எனக்கு முன்பிருந்த தெளிவும் போயிற்று.

மூட்டைத் திறந்து கழுவினார்கள். குழுவுக்குக் கையில் அறுவை என்று மட்டும் சொல்லச் சொன்னார் அக்கா. ஒரு வாரம் நன்றாக இருந்தார். ஒரு நாள் தயிர்சோறு ஊட்டிவிடும்போது கேட்டேவிட்டேன்: "அக்கா, அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ என்னை ஏன் பார்த்தீங்க?"

"எப்போ பார்த்தேன்?"

"அட்மிட் பண்ண அன்னைக்கு. ஆப்பரேஷன் பண்ணிருக்கான்னு கேட்டாங்களே."

யோசித்தார். "நீ அங்கே இருந்தியா பிள்ளை? அந்தோணி கூட்டிட்டு வந்தது மட்டும்தான் ஞாபகம்." பிறகு சோற்றைச் சுட்டிக்காட்டி, "உப்பு பத்தல" என்றார்.

இரண்டு முறை வெவ்வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு நினைவில்லை. நான் இத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்த பார்வையைப் பார்த்தவருக்கே அது தெரியாது.

கழுவியும் கிருமி விடவில்லை, மூட்டை முழுவதுமாக எடுத்துவிட நாள் குறித்தார்கள். அதற்கு முன்பே மறுபடியும் காய்ச்சல் ஏறியது, சிறுநீரகம் நின்றது, இதயம் தாங்கவில்லை. கடைசியாக நான் அவரைப் பார்த்தபோது குழுவில் யாருக்கும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். எதை என்று கேட்டேன். "முட்டியைத்தான்." இல்லை என்றேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மெல்பர்ன் அண்ணன் வந்து கொள்ளி வைத்தார். மறுநாள் காலை, அஸ்தி வாங்க அவருடன் அந்தோணி அண்ணனும் நானும் போனோம். மின்சார தகனம். தட்டில் வெள்ளையாக எலும்புகள், நடுவே கருத்துப்போன உலோகத் துண்டுகள். அங்கே வேலை செய்யும் சீனர் இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதுவும் வேண்டுமா என்று கேட்டார். வளைந்து, வழுவழுப்பாக, யாரோ கவனமாகச் செதுக்கியது போல இருந்தது. தவமணி அக்கா இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தது, பட்டப்பகலில், ஒரு இடுக்கியின் நுனியில்.

நான் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன், என்ன சொல்வாரோ என்று. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்மா."

"எப்போலருந்து?"

"மெல்பர்ன்லருந்து வந்த மொத ஞாயித்துக்கிழமையே. படி எறங்குறப்போ எப்பவும் வலது காலைத்தான் மொதல்ல கீழ வைப்பாங்க. எங்க வீட்டுக்காரிக்கு முட்டி மாத்தினப்போ அவளும் அப்படித்தான். வாய்விட்டுட்டேனே, மால்தான்னு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது? தண்ணியைத் தூக்கினேன்."

அந்தப் பதினைந்து லிட்டர். அந்த வயிறு.

"அன்னைக்கு டாக்டர் கேட்டாங்களே அண்ணே. நீங்க அங்கேதானே நின்னீங்க."

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தாக் அடான்னாங்க. காதுல விழுந்துச்சு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். சின்னப் பொண்ணு முன்னால அவங்க மானத்தை எதுக்கு வாங்கணும்னு பேசாம நின்னேன். நீ அந்தாண்ட போனதும் டாக்டர்கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள, ஒரு ஆள்தான் இருக்கலாம், அங்கிள் வெளிய போங்கன்னுட்டாங்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்போ தெரியும்?"

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். வார்டு மருத்துவர் எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்திருந்தார். அந்தோணி அண்ணன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், சுங்கத்தில் சரக்குச் சீட்டைப் பார்ப்பது போல. பிறகு என்னிடமே கொடுத்தார். மெல்பர்ன் அண்ணன் உலோகம் வேண்டாம் என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த அட்டைதான். அது என் கைப்பையில் இருக்கிறது. அவருடைய கேலி, அவர் போட்ட டீ, இறங்கும்போது பேசாமல் இறங்கும் பழக்கம் எல்லாம் உங்களிடமும் இருக்கும். ஒருவர் மானத்தைக் காக்க நினைத்த இரண்டு பேர், கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது அன்பா, கோழைத்தனமா, வெறும் மரியாதையா? அதனால் அவர் போனாரா, இல்லையென்றாலும் போயிருப்பாரா? பதில் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ரகசியத்தை இப்படி எழுதி உடைத்துவிட்டதற்கு அக்காவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கடுத்த ஞாயிறு அந்தோணி அண்ணன் பதினைந்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு, யாரும் துடைத்துப் போடாத சிவப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தீப்பெட்டியைத் தேடி நான் அடுப்பை மூட்டினேன்.